அம்மா துடைத்துவிட்ட தூசி மேகங்கள்

அன்று காலை சேகோ ஃபேக்டரிக் களத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: அக்கா, அம்மா, அப்பா, அக்காவின் சயின்ஸ் டீச்சர், லாரி ஓட்டுகிற எங்கள் மாமா, நான். லாரிக்குப் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களைச் சேர்க்கவில்லை; அவர்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு செவலை நாய் படுத்திருந்தது, அதையும் விட்டுவிடுகிறேன். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் "நானும் அன்னிக்கு அங்கதான நின்னேன்" என்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், என்னைவிட எட்டு வயது சின்னவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி அந்தக் கதையை என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே போனால் நான்தான் அங்கே இல்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களே, வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சேகோ களத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். அந்த மாவை உருட்டி, சலித்து, வறுத்தால் ஜவ்வரிசி. வறுத்ததைப் பெரிய சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பத்து மணி வெயிலில் அந்தக் களத்தைப் பார்த்தால் கண்ணில் நீர் வழியும். அப்படி ஒரு வெள்ளை. தொட்டிப் பக்கமிருந்து புளித்த வாடை வந்துகொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அந்த வாடை வந்தால்தான் பசிக்கும்.

அந்தக் களத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. காக்கை விரட்டுவது. பால் பவுடர் டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு, வாயை அடைத்து, கயிறு கட்டிக் கையில் மாட்டியிருப்பேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்திருந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை, நானேதான் நின்றுகொண்டேன். வகுப்பில் வாத்தியார் என் பெயரைச் சொல்லி எழுப்பிவிடுவாரோ என்ற கவலையில் காலையில் சோறு இறங்காது. வகுப்பறை ஓடு தலையில் விழுமோ, பலகை சாயுமோ, பரீட்சையன்று காய்ச்சல் வருமோ என்றெல்லாம் கவலை. களத்தில் என்னைக் கேள்வி கேட்க யாருமில்லை, காக்கையைத் தவிர. ஆனால் கவலை என்னை விடவில்லை. மழை வருமோ, மாவு நனையுமோ என்று அங்கேயும் ஒரு கூட்டமாகத்தான் வந்து நின்றது.

அக்கா வேறு மாதிரி. அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வானத்தைப் பற்றி எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். தை மாதம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, சேலத்தில் ஜில்லா அளவில் அறிவியல் கண்காட்சி நடக்கிறது, இவளை அனுப்ப வேண்டும் என்றார். அப்படியே பதினொன்றாம் வகுப்புப் பேச்சையும் எடுத்தார். அப்பா ஃபேக்டரியில் தொட்டி பார்ப்பவர். கயிற்றுக் கட்டிலை டீச்சருக்கு விட்டுவிட்டு நின்றபடியே பேசினார்.

"பத்து முடிச்சாப் போதுமுங்க டீச்சர். சித்திரையில இருந்து சலிக்கிற கொட்டாய்க்கு வரட்டும். மொதலாளி எடம் இருக்குதுன்னுட்டாருங்க."

"நல்லாப் படிக்கிற பொண்ணுங்க."

"நல்லா சலிக்கிற பொண்ணுந்தானுங்க. அவங்கம்மா கையி அப்படியே வந்திருக்குது."

டீச்சர் சின்ன வயசுக்காரர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் விடவில்லை. கடைசியில் அப்பா, பேச்சை முடித்து அனுப்புகிற மாதிரி, "சரிங்க, ஜில்லாவுல மொதப் பரிசு ஒண்ணு வாங்கிட்டு வரட்டும். அப்பறம் பதினொண்ணு, பன்னெண்டு எல்லாம் பேசிக்கலாம்" என்றார். சித்திரை வெயிலில் பனி பெய்யட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. அக்காவுக்கு அப்படிக் கேட்கவில்லை. டீச்சர் வாசல் தாண்டுவதற்குள் அவள் பரண்மேல் ஏறிவிட்டாள்.

பரணில் அப்பாவின் பழைய குடை கிடந்தது. கம்பியெல்லாம் உடைந்து, துணி மட்டும் நன்றாக இருந்தது. கறுப்பு, வட்டம், எட்டுத் தையல். அதைப் பிரித்துப் பெரிய மூங்கில் தட்டின்மேல் இழுத்துக் கட்டினாள். அதுதான் வானம். அதன்மேல் நட்சத்திரங்கள் சுருளாகத் திரண்ட ஒரு மண்டலத்தைச் செய்தாள். கிழங்கு மாவில் பசை காய்ச்சி ஜவ்வரிசிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். அவைதான் நட்சத்திரங்கள். நடுவில் வறுவல் ஏறி மஞ்சளாகிப்போன அரிசிகளைக் குவித்தாள். மண்டலத்தின் நடுவில் இருப்பவை வயசான நட்சத்திரங்கள், அவை மஞ்சளாகத்தான் இருக்கும் என்றாள். நடுவிலிருந்து இரண்டு பெரிய கைகள் சுருண்டு வெளியே வந்தன, தோசைக்கல்லில் மாவை வட்டமாக இழுக்கிற மாதிரி. கைகளின் வெளிப்பக்கம் துணிக்குப் போடுகிற நீலத்தில் நனைத்த ஜவ்வரிசிகளை வைத்தாள். அவை புதிதாகப் பிறந்தவை. எல்லாவற்றின் மேலும் நைசு மாவைத் தூவி ஊதினாள். கறுப்புக் குடைத்துணியில் அந்தச் சுருள் மண்டலம் அப்படியே சுழல்கிற மாதிரி தெரிந்தது. யாராவது தடுக்கி விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் அந்த வாரம் முழுக்கச் சுவரோரமாகவே நடந்தேன்.

கடைசியாகத் தூசி. நட்சத்திரங்களுக்கு நடுவே பெரிய பெரிய தூசி மேகங்கள் இருக்கின்றன, அவை பின்னாலிருக்கிற வெளிச்சத்தை மறைக்கும் என்று அக்கா சொன்னாள். கிழங்கிலிருந்து பாலெடுத்த பின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் கருக வறுத்து இடித்துப் பழுப்புத் தூளாக்கினாள். எங்கே தூவுவது? புத்தகத்தில் இருந்த படத்தை அவள் டீச்சரின் மேசையருகே நின்றபடி ஒரு தடவை பார்த்ததோடு சரி. நூலகப் புத்தகம் என்பதால் டீச்சர் கொடுத்து அனுப்பவில்லை. "ரெண்டு கைக்கும் நடுவுல இருட்டா இருக்குதுல்ல, அங்கதான் தூசி" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அக்காவும் கைகளுக்கு இடையில் இருந்த கறுப்பில் தூவிவைத்தாள். ஒட்டவில்லை. மறுநாள் காலை டீச்சர் பார்த்துச் சொன்னபின் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இங்கே எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேகோ தொழிலுக்கு ஒரே எதிரி தூசிதான். வெள்ளையில் ஒரு பொட்டுத் தெரிந்தாலும் மூட்டைக்கு விலை இறங்கிவிடும். அம்மா அந்த ஃபேக்டரியின் சலிக்கிற கொட்டகையில் முதல் ஆள். கோழி றெக்கை ஒன்று வைத்திருப்பாள், வெள்ளைக் கோழியின் றெக்கை. அதால் முறத்தின்மேல் ஒரு தடவு தடவினால் தூசி மட்டும் தனியாக ஓரத்துக்கு வந்து நிற்கும். மற்றவர்கள் பாம்பு என்று சொல்கிற தொனியில் அவள் "தூசி" என்பாள். மகள் டவுனுக்குக் கொண்டுபோகிற பொருளை அவள் எப்படி அழுக்கோடு அனுப்புவாள்?

அன்று காலை மாமாவின் லாரியில் சேலம் போவதாக ஏற்பாடு. தட்டை அம்மா முன்னாலேயே களத்துக்கு எடுத்துப்போய்விட்டாள். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது அம்மா றெக்கையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இப்பப் பாரு சாமி. கண்ணாடியாட்ட இருக்குது. நீ பாட்டுக்கு அத்தினி தூசியோட கொண்டுபோயிருந்தா, எந்த ஊட்டுப் புள்ளைன்னு கேக்க மாட்டாங்களா?"

தட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சந்துபொந்துகளில்கூட இல்லை. ஒரு வாரம் வறுத்து இடித்த தூசி மேகம் முழுவதும் ஒரு காகிதத்தில் குவியலாக, குப்பைக்குப் போகத் தயாராக இருந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். களத்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு புள்ள" என்றாள் என்னைப் பார்த்து. "சித்திரையில இருந்து நானும் றெக்கை புடிக்க வேண்டியதுதான்."

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் போன போக்கை நான் சொல்லப்போவதில்லை. "தூசியப் போயி எவ வேணும்னு வெப்பா?" என்று மட்டும் கேட்டாள், யாரிடமோ.

அப்போது டீச்சர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, சந்துல மறுபடி தூவிரலாம், பத்து நிமிஷம்" என்றார். கையில் அந்த நூலகப் புத்தகம் இருந்தது, நடுவர்களிடம் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார். அக்கா அதை வாங்கிப் பிரித்தாள். புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. காக்கை எச்சம் போட்டுவிடுமோ என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர்," என்றாள் அக்கா, மெதுவாக. "இந்தச் சந்துல இருக்கறது தூசி இல்லீங்க. நட்சத்திரம் கம்மியா இருக்குது, அதான் இருட்டு. தூசின்னா வெளிச்சத்து மேல கருப்பா விழுகணுமுங்கல்ல?"

டீச்சர் குனிந்தார். அம்மாவும் குனிந்தாள். வெள்ளையில் கறுப்பைத் தேடியே இருபது வருஷம் ஓட்டிய கண் சும்மா இருக்குமா?

"இந்த மாவ யாரு சலிச்சது?" என்றாள் அம்மா. "இத்தன தூசியோட உட்டிருக்காங்க."

"அம்மா, அது மாவு இல்ல."

"மாவோ வானமோ. இந்தா, இந்தக் கையோட உள்ளோரத்துலயே ஒரு கோடு ஓடுது பாரு. வெளியோரத்துல இல்ல. அந்தக் கையிலயும் அப்படித்தான், உள்ளோரம். கோட்டுல இருந்து நரம்பாட்டச் சின்னச் சின்னதாக் குறுக்க பிரிஞ்சு போகுது. இங்க பாரு, ரெண்டு கோடும் சுருண்டு நடுவுக்கே போயிருது. கடைசி ஓரத்துக்குப் போகப் போகச் சுத்தமா இருக்குது. இந்தா, இங்க சந்துல ஒரு பெரிய பொட்டு."

டீச்சர் படத்தின் கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தார். தூசி மேகங்கள் பெரும்பாலும் சுருள் கைகளின் உள் ஓரங்களில் திரண்டிருக்கும் என்று அச்சடித்தே இருந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, நான் படத்த மட்டும் பாத்துட்டு இதப் படிக்காமயே விட்டிருக்கேன்."

இந்த வயதில் யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அம்மா துடைக்காமல் இருந்திருந்தால் நாங்கள் தப்பான இடத்தில் தூசியை வைத்துக்கொண்டு பத்திரமாகச் சேலம் போய்ச் சேர்ந்திருப்போம். அன்று அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. மூட்டை ஏற்றி முடித்துவிடுவார்கள், லாரி கிளம்பிவிடும் என்று மட்டும்தான் தோன்றியது.

அம்மா றெக்கையை இடுப்பில் செருகினாள். காகிதத்தில் இருந்த குவியலிலிருந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தூளை எடுத்து, வெள்ளைக் கையின் உள்ளோரமாக விட்டுக்கொண்டே போனாள். அக்கா படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் வைக்க வைக்க, அந்தச் சுருள் மண்டலத்துக்கு உயிர் வந்தது. அதுவரை தட்டையாக இருந்த கைகள், ஓரத்தில் நிழல் விழுந்ததும், மேலே எழும்பி நின்றன. கோட்டிலிருந்து பிரிகிற நரம்புகளை அம்மா றெக்கையின் முனையாலேயே இழுத்தாள். முதல்தடவை தூசி வைத்துப் பழகுகிற கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சந்திலிருந்த அந்தப் பெரிய பொட்டையும் மறக்காமல் வைத்தாள்.

அப்பா அதுவரை தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இப்போது வந்து எட்டிப் பார்த்தார்.

"லாரி ராசிபுரம் தாண்டறதுக்குள்ள காத்துல மறுபடி சுத்தமாயிரும்" என்றார்.

பசை தடவினால் தூள் கலைந்துவிடும். அப்பா போய் ஒரு சொம்பில் நீர்த்த கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார். வாய் நிறைய எடுத்துக்கொண்டு, இஸ்திரிக்காரர் துணிக்கு ஊதுகிற மாதிரி, தட்டின்மேல் பூச்சாரலாக ஊதினார். வெயிலில் அந்தச் சாரலுக்குள் ஒரு சின்ன வானவில் தெரிந்து மறைந்தது. மூன்று ஊது. வெயில் அதை உடனே குடித்தது. அக்கா விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். தூசி நகரவில்லை.

"மச்சான், அப்படியே என்ற சட்டைக்கும் ஒரு ஊது ஊதுங்க, வெறைப்பா நிக்கட்டும்" என்றார் மாமா.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "பரிசுக்காக இல்ல. செஞ்ச வேல நிக்கோணும்" என்று அக்காவைப் பார்க்காமலே சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போய்விட்டார்.

லாரியின் முன்பக்கம் மாமா, டீச்சர், நாங்கள் இருவர். தட்டு எங்கள் மடியில். அம்மாவின் சேலையொன்றை மேலே போர்த்தியிருந்தோம். குழிக்குக் குழி நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாதி வழியில் ஒரு ஓடைப்பாலம். மேச்சேரி ஆடுகள், செம்பழுப்பு நிறம், நூற்றுக்கு மேல் இருக்கும், சாலையை அடைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. மாமா ஆரன் மேல் ஆரன் அடித்தார். ஆட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சாமி. ஆடென்ன உங்க லாரியா, கியரு மாத்துனா ஓடறதுக்கு?"

நேரம் போகிறதே என்று நான் பாலம் தாண்டுகிற ஆடுகளை எண்ண ஆரம்பித்தேன். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்து அந்த ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தொடையைக் கிள்ளினாள்.

"புள்ள, தூசி எங்க எழும்புது சொல்லு?"

"பாலத்துக்குள்ள நொழையிற எடத்துல."

"பாலம் தாண்டுனதுக்கு அப்பறம்?"

"அங்க ஆடெல்லாம் கலைஞ்சு போயிருதே."

"அவ்வளவுதான்!" என்றாள். "ஒரு ஆடும் அங்க நிக்கல. எல்லாம் போயிட்டே இருக்குது. நெரிசல் மட்டும் அங்கயே நிக்குது!" டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொடை மட்டும் வலித்தது.

சேலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எரிமலை இருந்தது, நிஜமாகவே புகை விட்டது. காற்றாலை சுற்றியது. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்று, உள்ளே பல்பு எரிய, குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. நாங்கள் சேலையை எடுத்ததும் பக்கத்து மேசைப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏய், இது ஜவ்வரிசிடி! பாயசம் வெக்க வந்திருக்காங்களா?"

"ஆமா," என்றாள் அக்கா. "வெல்லம் உங்க மேசையில இருந்து எடுத்துக்கறோம்."

நடுவர் காலேஜ் வாத்தியார். ஒல்லியானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்க்கிற பழக்கம். எரிமலையை அரை நிமிடத்தில் கடந்தார். எங்கள் தட்டுக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை. உள்ளோரக் கோடுகளின் மேல், தொடாமல், விரலை ஓட்டிக்கொண்டே போனார். அவர் விரல் சந்திலிருந்த அந்தப் பெரிய பொட்டின் மேல் போய் நின்றது.

"மத்ததெல்லாம் சரியா இருக்கும்மா. இது மட்டும் ஏன் தனியா நிக்குது? இது என்ன மேகம்?"

அக்காவுக்குத் தெரியவில்லை. டீச்சர் அவசரமாகப் புத்தகத்தைப் பிரித்தார். அக்கா பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அந்தப் பொட்டு பின்பக்கத்திலும் ஊறியிருந்தது. எனக்கே புரிந்துவிட்டது. வானத்தில் இருப்பது காகிதத்தின் பின்பக்கம் ஊறாது.

இங்கே ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அக்கா நிமிர்ந்தாள்.

"அது டீக்கறைங்க சார்."

பாயசப் பெண்கள் சிரித்தார்கள். எரிமலைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். மண்டபமே சிரித்தது.

"புத்தகத்துல யாரோ டீ சிந்தியிருக்காங்க சார். படத்துல இருக்குதுன்னு நாங்களும் வெச்சுட்டோம். அது மேகம் இல்லீங்க." சொல்லிக்கொண்டே எச்சில் தொட்ட விரலால் அந்தப் பொட்டைத் துடைத்து எடுத்துவிட்டாள்.

நடுவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டார். "சரி. அப்ப மத்ததெல்லாம் டீக்கறை இல்லைன்னு எப்படிச் சொல்றே?"

என் வயதுக்காரர்களே, வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டு நான் பயந்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. சித்திரை மாதமும் சலிக்கிற கொட்டகையும் எனக்கு முன்னால் வந்து நின்றன.

"டீக்கறைன்னா எங்க வேணும்னாலும் விழும் சார்" என்றாள் அக்கா. "இதெல்லாம் அப்படி இல்லீங்க. ரெண்டு கையிலயும் ஒரே பக்கம், உள்ளோரத்துலயே போகுதுங்க. சிந்துனது இத்தன ஒழுங்கா விழாதுங்க."

"ஏன் உள்ளோரம்?"

"ஆட்டு மந்தை பாத்திருக்கீங்களா சார்?"

நடுவர் ஒரு கணம் திகைத்தார். "பாத்திருக்கேன். சொல்லு."

"பாலத்துல நொழையும்போது ஆடு நெரியுமுங்க. தாண்டுனதும் கலைஞ்சிரும். ஒரு ஆடும் அங்க நிக்கறதில்ல, ஆனா அந்த எடத்துல எப்பவும் நெரிசல். இந்தக் கைகளும் அப்படித்தானுங்க, ஒரு பாலம் மாதிரி. உள்பக்கம் இருக்கற வாயுவும் தூசியும் கையவிட வேகமாச் சுத்தி வருதுங்க. பின்னாடி இருந்து வந்து உள்ளோரத்துல நொழையுதுங்க. அங்க நெரியுது, மேகமாத் தெரளுது. அந்த நெரிசல்லதான் புது நட்சத்திரம் பொறக்குதுங்க. பொறந்து முன்னாடி நகந்து போறதுனால, நீலம் எல்லாம் தூசிக்கு வெளிப்பக்கமா இருக்குதுங்க."

புத்தகத்தில் கொஞ்சம் இருந்தது. டீச்சர் வகுப்பில் கொஞ்சம் சொல்லியிருந்தார். மீதியை ஆடுகள் சொல்லிக்கொடுத்திருந்தன. எல்லாம் சேர்ந்து அவள் வாயில் அப்படி வந்தது. டீச்சரின் கை என் தோளை இறுக்கியது.

நடுவர் மூங்கில் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். "இந்த மண்டலத்தை இப்படிப் பக்கத்துல இருந்து பார்த்தா தூசி எப்படித் தெரியும்?"

"ஒப்புட்டுங்க சார்."

"என்னது?"

"ஒப்புட்ட, அதான் போளிய, வெட்டுனா நடுவுல பூரணம் ஒரே கோடாத் தெரியுமுங்கல்ல, அந்த மாதிரி. நடுவுல மெல்லிசா, கருப்பா."

"காலையில சாப்பிட்டியா நீ?"

"இல்லீங்க சார்."

இப்போது அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் வந்த இன்னொரு நடுவரைக் கூப்பிட்டு, "இதைப் பாருங்க. தூசியை எங்க வெக்கணும்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார். அதை நான் இன்றுவரை காதில் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மைக்கில் பெயர் படித்தார்கள். மூன்றாம் பரிசு கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு. சரிதான், நமக்கு மூன்றாவதுகூட இல்லை என்று நினைத்தேன். இரண்டாவது காற்றாலைக்கு. அதுவும் போயிற்று. முதல் பரிசுக்கு எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னபோது, வேறு ஊரில் அதே பெயரில் பள்ளி இருக்குமோ என்று கவலைப்பட்டேன். டீச்சர் குதித்தபிறகுதான் நம்பினேன். குதிக்கிற டீச்சரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பித்தளைக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கியதும் என் கையில் திணித்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டாள். பாயசப் பெண்களில் ஒருத்தி ஓடிவந்து, "அந்த நீலம் என்ன நீலம்?" என்று கேட்டாள். "துணிக்குப் போடறதுதான்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஊர் எல்லை வந்ததிலிருந்து மாமா ஆரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வேலை விட்டு ஃபேக்டரி வாசலில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா கேடயத்தைப் பார்க்கவில்லை. சேலையை விலக்கித் தட்டைப் பார்த்தாள்.

"தூசி நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா! ஒரு பொட்டுத்தான் எடுத்தோம். அது டீக்கறை."

"நான் அப்பவே நெனச்சேன், அது மட்டும் ஒரு மாதிரி இருக்குதேன்னு" என்றாள் அம்மா. நினைத்திருக்கவே மாட்டாள். ஆனால் அது அவள் என்ன சொன்னாலும் செல்லுபடியாகிற நாள்.

அப்பா தொட்டியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். கேடயத்தை வாங்கி எடை பார்க்கிற மாதிரி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று வந்துவிடுமோ என்று அவளுக்கும் அன்று ஒரு நாள் என் மாதிரி பயம் வந்திருக்க வேண்டும். அப்பா கேடயத்தோடு சாலையைத் தாண்டி எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இங்க நிக்கற அத்தன பேருத்துக்கும் டீ போடு. போண்டாவும் குடு" என்றார் டீக்கடைக்காரரிடம்.

"காசு வெச்சிருக்கீங்களாண்ணா?"

"இல்ல. எழுதிக்க."

டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் அப்பா ஒரு பீடிகூடக் கடன் சொல்லி வாங்காத மனிதர். கையில் காசில்லையென்றால் டீ குடிக்காமல் இருப்பாரே தவிர எழுதிக்கொள் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

"என்னண்ணா விசேஷம்?"

அப்பா எங்கள் பக்கம் திரும்பாமல், ஆனால் எங்களுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னார்: "எங்கூட்டுப் புள்ள பதினொண்ணு படிக்கப் போகுது. சயின்சு."

அக்கா தட்டோடு என்னைக் கட்டிப்பிடித்ததில் நாலைந்து நட்சத்திரங்கள் உதிர்ந்தன. யாரும் கவலைப்படவில்லை, நான்கூட. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "கெழவனுக்கு இன்னிக்குத்தான் நல்ல புத்தி வந்துது" என்றாள். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. போண்டா சூடாக வந்தது. சட்டி காலியாகிற வரை வந்துகொண்டே இருந்தது.

அக்கா பதினொன்று படித்தாள், அதற்கு மேலும் படித்தாள், முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றாள். லீவில் வரும்போதெல்லாம் புத்தகங்களைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினாள். அதனால்தான் ஆறாம் வகுப்போடு நின்ற நான் இவ்வளவு எழுதுகிறேன்.

மறுநாளே அப்பா காசோடு டீக்கடைக்குப் போனார். டீக்கடைக்காரர் வாங்கவில்லை. "இந்தக் கணக்கு மட்டும் தீர வேண்டாமுங்கண்ணா. ஜில்லாவுல மொதப் பரிசு வாங்குன புள்ள எனக்குப் பாக்கி வெச்சிருக்குதுன்னு நாலு பேருத்துகிட்டச் சொல்லிக்கறேன்" என்றார். அக்கா முதல் சம்பளத்தில் கொண்டுபோனாள், அப்போதும் வாங்கவில்லை. இப்போது அவர் மகன் நாலுவழிச் சாலை ஓரத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். போன வாரம் நானே போய் நீட்டினேன். "எங்கப்பா வாங்கக் கூடாதுன்னுட்டுப் போயிட்டாருங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு பேருக்கு டீ, போண்டா, அப்பாவுக்கு ஒரு வெற்றிலைப் பொட்டலம். பதினோரு ரூபாய் நாற்பது காசு. இன்னும் பாக்கி.